தலையில் சுமந்த பூ மருந்து

2003ஆம் வருடம் ஜூலை 12, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். விடியற்காலையிலிருந்து தூறல். குடையை விரிக்கச் சோம்பலாக இருக்கும், விரிக்காமல் நடந்தால் அரை மணியில் சட்டை ஒட்டிக்கொள்ளும், அந்த மாதிரித் தூறல். அன்று வெயில் அடித்திருந்தால் என் மாப்பிள்ளைக்குத் தன் தலை எதனால் நனைகிறது என்று சந்தேகம் வந்திருக்கும். அதனால்தான் மழையை முதலில் எழுதி வைக்கிறேன்.

மாப்பிள்ளை என்பது என் தங்கையின் கணவர். எனக்கு அப்போது வயது அறுபத்தாறு, அவருக்கு ஐம்பத்தெட்டு. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற ஊர்த்தொகுப்பில் இருவர் வீடும் பக்கத்துப் பக்கத்தில். நான் பள்ளி இறுதி வரை படித்து, இருபத்து மூன்று வயதில் மலையிறங்கி, சாயத்துக்கு மூலச்சரக்கு தயாரிக்கும் ஓர் ஆலையின் குடோனில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதியவன். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து, மனைவியும் போன பிறகு, இரண்டு வேளைச் சாப்பாடு தங்கை வீட்டில்தான்.

எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. பீப்பாய்களை எண்ணிப் பழகிய கண். மாப்பிள்ளைக்கு இது பெரிய வேடிக்கை. "மச்சானுக்குப் பருக்கையை எண்ணிப் போடு. ஒண்ணு குறைஞ்சாலும் மனுசன் தூங்க மாட்டாரு" என்பார் தங்கையிடம். அந்த வருடம் தை மாதம் மிளகு நிறுக்கத் தராசு தொங்கவிட்டபோது, கொக்கியில் கயிற்றை மாட்டி அதில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னையும் சேர்த்துக்குங்க மச்சான். முதல் தரம், தூசி தும்பு கிடையாது" என்றார். ஐம்பத்து நாலு கிலோ காட்டியது. சிரித்தோம். அந்த எண் எனக்குள் தங்கிவிட்டது.

அவருடைய மிளகுக் கொடிகள் நூற்று நாற்பது. முந்தின வருடம் பாதிக் கொடிகளில் சரம் இறங்கவில்லை. இந்த வருடமும் மழை பிடித்து மூன்று வாரம் ஆகியும் கொடிகள் பச்சையாகத் தழைத்தனவே ஒழிய, பூ வரும் குறி இல்லை. கீழே உரக்கடையில் பூ மருந்து என்று ஒன்று விற்கிறார்கள், தெளித்தால் பத்து நாளில் பூக்கும் என்று யாரோ சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பலாப்பழங்களை ஏற்றிக்கொண்டு கீழே போனவர், விற்ற காசில் பத்துக் கிலோ அரிசி, இரண்டு கிலோ உப்பு, ஒரு லிட்டர் பூ மருந்து வாங்கிக்கொண்டு, சம்பந்தி வீட்டில் படுத்திருந்து, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிச் சாக்கின் அடியில் வைத்து, மேலே அரிசியை வைத்திருந்தார். பஸ்ஸில் அந்தச் சாக்கின் மேல் இரண்டு பேர் மாற்றி மாற்றி உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். மூடி விரிசல் விட்டது அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டரைக் கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. எங்கள் ஊரில் எந்தச் சுமையும் தலையில்தான். தோளில் கிடக்கும் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, அதன் மேல் சாக்கை வைத்து நடப்பார்கள். பாதி வழியில் அம்மன் கோயில் வரும். அங்கே சுமையை இறக்கி, தலையில் இருக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு, மறுபடி அதே துண்டைச் சும்மாடு கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். யாரும் இதை மீற மாட்டார்கள். அவரும் அப்படியே செய்தார். தலை ஈரமாக இருந்தது, இடுப்பும் ஈரமானது, மழை ஈரம் என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னார்.

கோயிலைத் தாண்டியதும் ஒரு நாவல் மரம். ஆனி மாதக் கடைசி, தரையெல்லாம் பழம். அதையும் விடவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு வாசலில் சாக்கை இறக்கியவரைப் பார்த்துத் தங்கை, "என்னுங்க இது, வாயெல்லாம் நீலம்? மரத்தையே தின்னுட்டு வந்தீங்களா?" என்றாள்.

"ரெண்டே ரெண்டு பழம் பொறுக்கினேன்."

"ரெண்டா? நாக்கை நீட்டுங்க, அண்ணன் எண்ணட்டும்."

அவர் நாக்கை நீட்டினார். கருநீலம். நானும் சிரித்தேன். அவர் துண்டைப் பக்கத்தில் போட்டுவிட்டு, வாசல் கல்லில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தலை வலிக்கிறது, பஸ்ஸில் டீசல் வாடை தாங்க முடியவில்லை என்றார். எனக்கு டீசல் வாடை அடிக்கவில்லை. வேறொன்று அடித்தது.

"ஏன் மாப்பிள்ளை, செருப்பே போடாத ஆளு, ஷூ பாலிஷ் வாசத்தோட வந்திருக்கீங்க?"

"சம்பந்தி ஊட்டு ஷூவையெல்லாம் தொடச்சுக் குடுத்தாத்தான் சோறு போடுவேன்னாங்க. விடுங்க மச்சான்."

தங்கை சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நன்றாக வாய் கொப்பளித்துத் துப்பினார். நாக்கின் நீலம் வெளுத்தது. உதட்டின் நீலம் அப்படியே இருந்தது. சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். பத்து நகமும் சிலேட்டு நிறம். நாவல்பழச் சாறு நகத்துக்கு அடியில் போகாது. அவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சுவரைப் பிடித்தார்.

"மயக்கமா வருது, கண்ணு" என்றார் தங்கையிடம்.

எங்கள் பக்கம் கிறுகிறுப்பு என்றால் உச்சியில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். அவள் ஓடிப்போய் உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டு வந்தாள். அவரைத் தாங்கிப் பிடிக்க நான் குனிந்தபோது, கீழே கிடந்த துண்டு என் முகத்துக்கு அருகில் வந்தது. பாலிஷ் வாசம் அதிலிருந்துதான் வந்தது. பாலிஷ் வாசமும் அதற்கடியில் கசந்த பாதாம்பருப்பு மாதிரி ஒரு வாசமும். முப்பத்தொரு வருடம் காலை ஏழரை மணிக்கு குடோன் கதவைத் திறக்கும்போதெல்லாம் என் முகத்தில் அடித்த வாசம்.

"எண்ணெயை வைக்காதே. கையை எடு" என்றேன்.

அது நைட்ரோபென்சீன். வெளிர் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி இருக்கும். அதிலிருந்து அனிலின் என்று ஒன்றைச் செய்வார்கள், அனிலினிலிருந்து சாயங்கள் செய்வார்கள். எங்கள் குடோனில் இருநூறு லிட்டர் பீப்பாய்களில் வரும். குடிக்க வேண்டியதில்லை, தோல் வழியாகவே உள்ளே போகும். எண்ணெய் அதற்குத் தோழன், எண்ணெய் தடவினால் இன்னும் வேகமாகப் போகும். எங்கள் ஆலையில் ஒரு லோடுமேனின் பூட்ஸில் அது கொட்டி, அவர் அப்படியே மாலை வரை வேலை செய்தார். ஷிப்ட் முடியும்போது அவர் உதடும் இப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு குடோன் சுவரில் எழுதிப் போட்டார்கள்: துணியைக் கழற்று, சோப்புப் போட்டுக் கழுவு, டாக்டரிடம் போ. அந்த மூன்று வரியை நான் எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பேன் என்று தெரியாது. நான் எண்ணாமல் விட்டவற்றில் அது ஒன்று. சாயத்துக்கான சரக்கு, மிளகுக் கொடிக்கு மருந்தாக எங்கள் மலைக்கு வரும் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

வேட்டியை அவிழ்க்கச் சொன்னபோது அவர் மறுத்தார். "நடு வாசல்ல என்னுங்க மச்சான் இது, கூத்தா?" குரல் குழறியது. தங்கை எதுவும் கேட்கவில்லை. அவளே அவிழ்த்தாள். தலை, கழுத்து, இடுப்பு என்று சோப்புப் போட்டு, எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றரைச் சோப்புக் கரைந்தது. துண்டைக் குச்சியால் எடுத்துத் தூரப் போட்டேன். சாக்கைத் திறந்து பார்த்தால், அடிப்பக்கத்து அரிசியெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பாக இருந்தது. பாட்டிலில் முக்கால் பாகம்கூட இல்லை.

ஜீப் வைத்திருக்கும் பையனுக்கு ஆள் அனுப்பினோம், சுற்றுவழி மண்பாதையில் ஓட்டிக்கொண்டு வந்தான். பையன் என்றாலும் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். வந்ததும் மாப்பிள்ளையின் பாதங்களைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏனுங்க, பல் பட்ட இடம் எதுங்க? இப்படி நீலம் பூத்தா பாம்புதானுங்க. குண்டனி நாட்டுல பச்சிலை குடுக்கறவர் இருக்காரு. அரை மணியில போயிரலாம்."

"பாம்பு இல்லை. கீழே போகணும்."

"கீழே ரெண்டரை மணி நேரம் ஆகுமுங்க. நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா..."

தங்கை என்னைப் பார்த்தாள். "அண்ணா, உனக்கு நல்லாத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். வாசத்தைத் தவிர என் கையில் அத்தாட்சி ஒன்றும் இல்லை. செய்தித்தாளைப் பிரித்து, பாட்டிலில் ஒட்டியிருந்த பொடி எழுத்து ஆங்கிலத்தைப் படித்தேன். நைட்ரோபென்சீன் இருபது சதவிகிதம் என்று இருந்தது. மூடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு வாளியில் போட்டு ஜீப்பின் பின்னால் வைத்துக்கொண்டேன். மணி ஒன்று பதினைந்து.

மலையிலிருந்து இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. மேலிருந்து இறங்கினால் எழுபதில் ஆரம்பித்து ஒன்றில் முடியும். அவரைத் தூங்க விடக்கூடாது என்று எனக்குப் பட்டது. அது சரியான வைத்தியமா என்று இன்றைக்கும் தெரியாது.

"மாப்பிள்ளை, பலகையைப் பார்த்துச் சொல்லுங்க. எத்தனை?"

"உங்களுக்கு வேற வேலை... எழுபது."

"இப்ப?"

"அறுபத்தொம்பது. அடுத்தது அறுபத்தெட்டு. நான் கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன் மச்சான்."

"மூடாதீங்க."

ஐம்பது வரை ஒழுங்காகச் சொன்னார். நாற்பத்தாறில், பஸ் போய்விட்டதா என்று கேட்டார். நாற்பத்தொன்றில் இருபத்தொன்று என்றார். மூச்சு மேல்மூச்சாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று உள்ளே போகிறது, முகம் மட்டும் சாம்பலாகிக்கொண்டே வருகிறது. முப்பத்து மூன்றில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவர் தலையை மடியில் வைத்திருந்த தங்கை, "முப்பத்து மூணு அண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு அவளேதான் எண்ணினாள். முப்பத்திரண்டு. முப்பத்தொன்று. நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்று என்று சொன்ன பிறகும் அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

மூன்று நாற்பதுக்குக் கீழே டவுனில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். முப்பது வயது தாண்டியிருக்கும் ஒரு பெண் டாக்டர். பாட்டிலைப் பார்த்ததும் அவர் கேட்டது, "எப்பக் குடிச்சார்? எவ்வளவு குடிச்சார்?"

"குடிக்கலீங்க. தலையில சுமந்தாருங்க" என்றேன்.

"பெரியவரே, போலீசுக்குச் சொல்லணுமேன்னு மறைக்காதீங்க. வீட்டுல சண்டையா?"

தங்கை, "அவரு சண்டை போடத் தெரியாத மனுசருங்க" என்றாள்.

மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். பதினைந்து நிமிடம் ஆகியும் உதடு மாறவில்லை. நான் குடோனையும் பீப்பாயையும் லோடுமேனையும் சொன்னேன். டாக்டர் நான் பேசி முடிக்கும் வரை கேட்டார். பிறகு மாப்பிள்ளையின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தார். என் விரலைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் இன்னொரு சொட்டு வைத்தார். மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் ரத்தம் சிவப்பாக இருந்தது. அவருடையது வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம். காற்றுப் பட்டும் சிவக்கவில்லை. தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்க சொன்னது சரிதான்" என்றார் டாக்டர். ரத்தத்தில் காற்றை ஏற்றிக்கொண்டு போகும் பொருள் கெட்டுப்போய்விட்டது, மூச்சு விட்டாலும் உடம்புக்குக் காற்று சேராது, அதைச் சரிசெய்ய ஓர் ஊசி உண்டு, இங்கே இல்லை, சேலத்தில் கிடைக்கும் என்றார். பெயரை எழுதிக் கொடுத்தார். ஜீப் பையன் வாங்கிக்கொண்டு ஓடினான். அந்தச் சீட்டை நானும் பார்த்தேன். மெத்திலீன் புளூ.

அது சாயம். எங்கள் குடோனில் வலது பக்கம் மூன்றாவது தட்டில் இருக்கும். ஒரு சிட்டிகை கீழே சிந்தினால் தரையைப் பத்து நாள் கழுவ வேண்டும். டின்னின் மேல் மண்டையோடு போட்டிருக்கும். சாயச் சரக்கு ஒருவரைச் சாகக் கிடத்தியிருக்கிறது, அதற்கு மேல் ரத்தக்குழாயில் சாயத்தை ஏற்றப் போகிறார்கள்.

ஊசி வர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் நான் டாக்டரிடம் ஏழு கேள்வி கேட்டுவிட்டேன். இது அதே பொருள்தானா? எத்தனை சதவிகிதம் சுத்தம்? யாருக்காவது போட்டிருக்கிறீர்களா? போட்டு உயிர் போனதுண்டா? ஏழாவது கேள்விக்கு அவர் பொறுமையை விட்டுவிட்டார்.

"அது சாயம்தான். மறுக்கலை. இது மருந்துக்குன்னு செஞ்சது, அளவாப் போட்டா காப்பாத்தும். அளவு மீறினா இதுவே ரத்தத்தைக் கெடுக்கும். நீங்க கையெழுத்துப் போடறீங்களா, இல்லையா?"

பேனா என் கையில் இருந்தது. கை எழுதவில்லை. டின்னின் மண்டையோடு கண்ணில் நின்றது. தங்கை எழுந்து வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"விஷத்தைக் கண்டுபிடிச்சது நீதானே அண்ணா. அதை நம்பித்தானே இத்தனை தூரம் வந்தேன். இப்ப இவங்களை நம்புவோம்."

மூன்றாம் வகுப்பில் விட்ட எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"எடை எவ்வளவு இருக்கும்? கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கு. தூக்கி நிறுத்திப் பார்க்க முடியாது" என்று டாக்டர் நர்சிடம் கேட்டார். நர்ஸ் அறுபது இருக்கும் என்றார்.

"ஐம்பத்து நாலு" என்றேன். "தை மாசம் மிளகுத் தராசுல உட்கார்ந்தாருங்க."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்து நாலு மில்லிகிராம் ஏற்றச் சொன்னார். குழாயில் இறங்கிய அந்த நீலம் எனக்குத் தெரிந்த நீலம்தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தங்கை கண்ணெடுக்காமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து நிமிடம் கழித்து, "அண்ணா, திரும்பு" என்றாள். கீழ் உதட்டின் நடுவில் ஒரு நெல்லளவு சிவப்பு வந்திருந்தது.

அதோடு முடியவில்லை. கொழுப்பில் பதுங்கியிருந்த விஷம் மறுநாள் மத்தியானம் மறுபடி தலைகாட்டியது. உதடு கறுத்தது, இன்னொரு ஊசி போட்டார்கள். அந்த இரண்டாவது நாளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. திங்கட்கிழமை காலையில்தான் அவர் கண் விழித்துச் சரியாகப் பேசினார். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டார்.

"மச்சான், பச்சையாப் போகுது."

"தெரியும்."

"கிளி மாதிரிப் பச்சை. பொய் சொல்லாதீங்க, என்னைச் சாயத்துல முக்கி எடுத்தீங்களா?"

"ஐம்பத்து நாலு மில்லிகிராம். ரெண்டு தடவை."

"அங்கேயும் எண்ணிட்டுத்தான் இருந்தீங்களா" என்றார். பிறகு சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தார். அவர் நகம் வெளுத்திருந்தது.

ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். வரும் வழியில் உரக்கடையில் இறங்கி, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர், "இது விஷம் இல்லீங்க, டானிக்குங்க. பூவுக்குக் குடுக்கறது மனுசனை என்னுங்க பண்ணும்?" என்றார். உள்ளபடியே அப்படித்தான் நம்பினார் என்று தோன்றியது. நான் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, பாட்டிலை மேசைக்கு அடியில் வைத்தார். பின்னால் தட்டில் அதே பாட்டில்கள் பன்னிரண்டு இருந்தன.

அரிசியையும் துண்டையும் ஊற்றுக்குத் தூரமாக மூன்றடிக் குழி தோண்டிப் புதைத்தேன். அந்தத் துண்டு, என் வீடு பால் காய்ச்சியபோது தங்கை கணவர் என்ற முறைக்கு நான் போட்டது. கொடிகள் அந்த வருடமும் பாதிதான் பூத்தன. மாப்பிள்ளைக்குப் பழைய நடை ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் தலையில் சுமை வைத்தால் கால் கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவார். கோயில் வரை வெறும் கையோடு நடந்து போவார், தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிடுவார், திரும்பி வருவார்.

ஒவ்வொரு தை மாதமும் தராசு கட்டும்போது, "ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஆச்சு மச்சான்? இந்த வருசமாச்சும் சொல்லுங்க, கழிச்சுக்கலாம்" என்பார். கணக்கு வைக்கவில்லை என்பேன். அவர் தங்கையைப் பார்ப்பார், தங்கை என்னைப் பார்ப்பாள். மூவரில் ஒருவர்கூட அதை நம்பியதில்லை. யாரும் வற்புறுத்தியதும் இல்லை. சொன்னால் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு நடப்பார். அது அவரால் முடியாது. அதனால் அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்: ஜீப், ஊசி, ஆஸ்பத்திரி, சாப்பாடு, புதைத்த அரிசி, ஆடியில் நான் வாங்கிக் கொடுத்த புதுத் துண்டு நாற்பத்தைந்து ரூபாய், எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து நானூற்று இருபத்தேழு ரூபாய்.